மத்தியான அம்ப், இரவு அம்ப்

"நீங்க ரெண்டு பேரும் அம்ப்பக் கேக்கல்ல மகன், கரண்டத்தான் கேக்கிறீங்க." மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் இசைக்குழு பயிற்சி எடுக்கும் அறையின் வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே அங்கிள் இதைச் சொன்னார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போது இரவு எட்டரை மணி இருக்கும். உள்ளே எங்கள் குழுவின் கிட்டார்காரர் இருவர், நாங்கள் 'சேர்' என்று அழைப்பவரும் 'தம்பி' என்று அழைப்பவனும், புதிதாக வந்த கிட்டார் அம்ப்பைப் பற்றிக் குரலை இறக்காமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை, என் காதில் மட்டும் விழுந்தது. முதலில் அதை வயதானவர் ஒருவர் சலிப்பில் விட்ட வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்றிரவு படுத்த பிறகும், மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பாலத்தைக் கடக்கும்போதும், அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. அங்கிள் சலிப்பில் பேசுகிறவர் அல்லர். அவர் எதையோ கேட்டிருக்கிறார், நாங்கள் கேட்கவில்லை என்பது மூன்று வாரங்கள் கழித்துத்தான் எனக்குத் தெளிவானது.

அந்த அம்ப் எங்களிடம் வந்த கதை நீண்டதன்று. சுவிஸில் இருக்கும் தம்பியின் அத்தான் அதைக் கார்கோவில் அனுப்பி வைத்தார். புத்தம் புதிய 15 வாட் வால்வு அம்ப்ளிபயர், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதிலாகச் சூடேறும் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது. வெளியீட்டில் இரண்டு ஈஎல்84 வால்வு, முன்பகுதியில் மூன்று ஈசிசி83, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஸ்பிரிங் ரிவேர்ப், மாஸ்டர் வொல்யூம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதே அமைப்பில் இன்று பலரும் அம்ப் செய்கிறார்கள், நான் சொல்ல வந்தது அவர்களில் ஒருவரைப் பற்றியும் அன்று. எங்கள் குழுவில் இதற்கு முன் எவரும் வால்வு அம்ப் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் டிரான்சிஸ்டர் அம்ப்புகளோடும், சில வேளை நேராக மிக்சரில் செருகிய பெடல்களோடும் வாசித்துப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே பெட்டியை உடைத்து, சுவிட்சைப் போட்டு, பின்புறத்து வலைத் தகட்டுக்குள் வால்வுகள் மெல்லச் செந்நிறமாகச் சூடேறுவதை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்த அந்த முதல் நாளை நாங்கள் எல்லோரும் ஒரு பேறாகவே எண்ணினோம். வாதம் இரண்டாம் நாள் தொடங்கியது.

'கீறுது' என்றவரும் 'உருகுது' என்றவரும்

சேர் பகலில் பாடசாலையில் படிப்பிக்கிறவர், ஞாயிறு பூசையில் கிட்டார் வாசிக்கிறவர். பாடசாலை விட்டதும் இரண்டு மணியளவில் அறைக்கு வந்து தனியாக ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். லீட் வாசிக்கும் தம்பி கல்முனையில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர ஏழு மணி தாண்டிவிடும். நான் ரிதம் வாசிப்பவன், அறை என் வீட்டுக்குப் பின்னால் இருப்பதால் இரு வேளையும் அங்கே இருப்பேன். இந்த நேரக் கணக்கை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வாதம் முழுவதும் அதற்குள்தான் மறைந்து கிடந்தது.

சேரின் தீர்ப்பு கடுமையாக இருந்தது. "கண்ணாடியில ஆணியால கீறுற மாதிரி இருக்கு. இதுக்கு இவ்வளவு காசா?" என்றார். ஒலி கெட்டியாக, விட்டுக்கொடுக்காமல் வருகிறது என்பதும், உடைய வேண்டிய இடத்தில் உடையாமல், உடையும்போது ஒரேயடியாகக் கரகரக்கிறது என்பதும் அவருடைய குறை. தம்பிக்கோ அந்த அம்ப் உயிராகிவிட்டது. "உருகுது அண்ணன். கொஞ்சம் மெதுவாத் தொட்டா மணி மாதிரி, அழுத்தினா அழுது" என்பார். கிட்டாரின் வொல்யூமைச் சற்றுக் குறைத்தால் ஒலி தெளிவதையும், முழுதாகத் திறந்தால் பாடகன் தொண்டையைத் திறப்பதுபோல் அது விரிவதையும் ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டுவான். இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர், இருவருக்கும் நல்ல காது உண்டு. அப்படியிருக்க, ஒரே பெட்டியைக் குறித்து இரு வேறு பெட்டிகளைப் போல் அவர்கள் பேசியது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பை ஆராய்ந்து பார்க்காமல் நான் தம்பியின் பக்கம் சாய்ந்தேன். சேருக்கு வால்வின் ஒலி பழகவில்லை, டிரான்சிஸ்டரே அவர் காதில் ஊறிவிட்டது என்று அவரிடமே சொன்னேன். அதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சந்திக்க நேர்ந்தபோதெல்லாம் வாதம் பெரிதாகிக்கொண்டே போனது. கிட்டார்காரர் வாய்ச்சொல்லாகக் கேட்டுப் பழகிய எல்லாக் கூற்றுகளும் மேசைக்கு வந்தன. 15 வாட் டிரம்ஸுக்கு முன்னால் எடுபடாது என்றார் சேர். வால்வின் 15 வாட் டிரான்சிஸ்டரின் 50 வாட்டுக்குச் சமம் என்றான் தம்பி. வாட் என்பது இரண்டிலும் ஒன்றேதான். வேறுபாடு பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் அம்ப் தன் எல்லையைத் தாண்டினால் ஒலி அருவருப்பாகிவிடும், ஆகவே அதை எல்லைக்குக் கீழேயே வைத்து வாசிக்கிறோம். வால்வு அம்ப்பை எல்லையிலும் எல்லைக்கு அப்பாலும் வாசிக்கலாம், அதற்காகத்தான் அதை வாங்குகிறோம். தவிர, வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 15 வாட்டா 30 வாட்டா என்று சண்டை பிடிப்பதைவிட, ஸ்பீக்கரின் உணர்திறன் 97 டெசிபலா 100 டெசிபலா என்று பார்ப்பது பயனுள்ளது. அந்த 3 டெசிபல் அங்கேயே செலவில்லாமல் கிடைத்துவிடும்.

வால்வு இரட்டைப்படை ஒத்திசைகளை, அதாவது மூலச் சுருதியின் இரண்டு, நான்கு மடங்கு அதிர்வுகளை, தரும், அதனால்தான் இனிமை என்று தம்பி சொன்னதும் பாதிதான் சரி. எங்கள் அம்ப்பில் உள்ளதுபோல் இரண்டு வெளியீட்டு வால்வுகள் எதிரெதிராக இழுத்துத் தள்ளும் அமைப்பில், அந்த வெளியீட்டுப் பகுதி உண்டாக்கும் இரட்டைப்படை ஒத்திசைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மிஞ்சுவது முன்பகுதியின் ஈசிசி83கள் தருவது. சேரின் முறைப்பாடுகளில் ஒன்று எனக்கு அப்போதே நியாயமாகப் பட்டது. பழைய அம்ப்புகள் சிலவற்றில் மின்னோட்டத்தை நேராக்குவதற்கும் ஜிஇசட்34 போன்ற ஒரு வால்வு இருக்கும். ஓங்கி அடிக்கும்போது அது சற்றுத் தளர்ந்து, பிறகு மீளும். அந்தத் தளர்வை விரலால் உணரலாம் என்பார்கள். இந்தப் புதிய அம்ப்பில் அந்த இடத்தில் நான்கு சிறிய டயோடுகள் மட்டுமே இருந்தன. "பேருக்குத்தான் வால்வு, வயித்துக்குள்ள டிரான்சிஸ்டர்காரன்ட சாமான்" என்றார் அவர். அதற்குத் தம்பியிடம் பதில் இல்லை.

முழங்காலுக்குக் கேட்கும் ஒலி

அங்கிள் அந்த வாக்கியத்தைச் சொன்ன இரவு அதைப் பற்றி எதுவும் கேட்காமல் விட்ட நான், அடுத்த வாரம் அவர் வந்தபோது கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. சேரையும் தம்பியையும் இடம் மாறி இருக்கச் சொன்னார். சேர் எப்போதும் பிளாஸ்டிக் கதிரையில், அம்ப்புக்கு நேர் முன்னால், ஆறடி தூரத்தில் அமர்ந்து வாசிப்பவர். தம்பி அம்ப்புக்கு அருகில் சற்றுப் பக்கவாட்டில் நின்று வாசிப்பவன், ஸ்பீக்கர் அவன் முழங்கால் உயரத்தில் இருக்கும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று தாழ்ந்த சுருதிகளை எல்லாப் பக்கமும் பரப்பும், உயர்ந்தவற்றையோ டார்ச் விளக்கைப் போல் நேர்முன்னே குவித்து அடிக்கும். நேர்முன்னே இருப்பவருக்கு ஒலி கீறும், பக்கத்தில் நிற்பவருக்கு மொத்தையாகவும் இனிமையாகவும் கேட்கும். தம்பி கதிரையில் அமர்ந்து நான்கு அடி வாசித்ததும் முகத்தைச் சுளித்தான். தன் முழங்காலுக்குக் கேட்கும் அம்ப்பைத்தான் இத்தனை நாள் புகழ்ந்துகொண்டிருந்தான் என்பது அவனுக்கே அப்போது புரிந்தது. டோனைக் கூட்டிக் கூட்டி அவன் வைத்திருந்த அளவு, முன்னால் இருந்து கேட்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அன்றே ஒரு பலகைத் துண்டை வைத்து அம்ப்பைச் சாய்த்து, ஸ்பீக்கர் நிற்பவரின் முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தினோம். வாதத்தின் பாதி அத்துடன் இறங்கியது. ஆனால் அங்கிள் தலையை ஆட்டினார். "இது ஒரு பக்கம் மகன். நான் சொன்னது இது இல்ல. போயா அண்டைக்கு ரெண்டு பேரும் லீவுதானே? மத்தியானமும் வாங்க, இரவைக்கும் வாங்க. நான் மீற்றரோட வாறன்" என்றார்.

இடையில் அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் வழிவந்த மட்டக்களப்பின் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். அந்தச் சமூகத்து வீடுகளில் வயலினும் கிட்டாரும் றபானும் குடும்பச் சொத்தைப்போல இறங்கி வருவன, கல்யாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆடாமல் மாப்பிள்ளை பொம்பிளையை அனுப்பமாட்டார்கள். அங்கிள் சிறுவயதில் தகப்பனின் பட்டறையில் வானொலி திருத்தப் பழகியவர். பிறகு வேறு தொழில்கள் செய்தாலும் ஈயக் கோலைக் கைவிடவில்லை. முதல் நாள் எங்கள் அம்ப்பின் பின்புறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஈஎல்84! இவனா?" என்று ஊரில் பழைய கூட்டாளி ஒருவனைக் கண்டவர்போல் சிரித்தவர் அவர்தான். அதை நாங்கள் அன்று பொருட்படுத்தவில்லை. எங்களுக்கு ஈஎல்84 என்றால் வொக்ஸ் ஏசி30, அறுபதுகளின் ஆங்கிலேயக் குழுக்கள், கிட்டார். அவருக்கோ அது வானொலியின் கடைசி வால்வு, ஸ்பீக்கரைத் தள்ளுகிற வால்வு. உண்மையும் அதுதான். பிலிப்ஸும் முல்லார்டும் 1950களின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்தது வீட்டு வானொலிக்கும் இசைத்தட்டுப் பெட்டிக்கும்தான். அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் டிக் டென்னி என்ற பொறியியலாளர் அதை வொக்ஸின் கிட்டார் அம்ப்புக்குள் வைத்தார். நாங்கள் புதிது என்று கொண்டாடிய பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு வால்வும் அங்கிளின் விரலுக்குப் பழகிய பொருள்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. வால்வின் பெயரிலேயே அதன் சாதகம் எழுதியிருக்கிறது என்றார். ஐரோப்பியப் பெயர் முறையில் முதல் எழுத்து 'ஈ' என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். 'எல்' என்றால் வெளியீட்டுப் பெந்தோட்டு, ஐந்து மின்முனை உள்ள வால்வு. 'சிசி' என்றால் ஒரே குழாய்க்குள் மூன்று மின்முனை உள்ள இரண்டு திரையோட்டு. 8 என்ற இலக்கம் ஒன்பது கால் உள்ள அடிப்பாகத்தைக் குறிக்கும். "பேரிலேயே கேட்டு வந்திருக்கான் மகன், எனக்கு 6.3 தா எண்டு. நம்மட ஊர் கரண்ட் அதக் குடுக்குதா எண்டு பாக்க வேணாமா?"

போயா நாள்

அன்று கச்சான் காற்று அடித்தது. அறையின் சீற் கூரை இரண்டு மணிக்கே நெருப்பாக இருந்தது, கிட்டாரைத் தொட்டால் கம்பி சுட்டது. அங்கிள் முதலில் எல்லாப் பொத்தான்களின் நிலையையும் வெள்ளை மையால் புள்ளி வைத்து அடையாளமிட்டார், இரவு வரை ஒருவரும் தொடக் கூடாது என்றார். அம்ப்பைச் சாய்த்த பலகை, கதிரை, கிட்டார், கேபிள், எல்லாம் அதே இடத்தில். பிறகு மல்டிமீற்றரின் முனைகளைச் சொக்கெட்டில் வைத்தார். 241 வோல்ட். எங்கள் ஒழுங்கையில் நான்கைந்து வீடுகளில் கூரைக்கு மேல் சூரிய மின்தகடு போட்டிருக்கிறார்கள். வெயில் உச்சியில் அவை எல்லாம் மின்சாரத்தைக் கம்பிக்குள் தள்ளுகின்றன, இழுப்பதற்கு அந்த நேரத்தில் ஆளில்லை, வோல்ட் ஏறிவிடுகிறது. அதற்கு முன் இதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

அம்ப்பின் அடித்தளத்தைக் கழற்றி அவர் அளந்த விதம் என் கண்ணில் இன்னும் நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கை வைக்கவில்லை. பெரிய கெப்பாசிற்றர்களில் 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அது ஆளை எடுத்துவிடும் என்று சொல்லி, ஒரு ரெசிஸ்டரை வயரில் கட்டி அவற்றை முதலில் வடித்தார். மீற்றரில் சைபர் வந்த பிறகுதான் உள்ளே குனிந்து பார்த்தார். வால்வுகளின் சொக்கெட்டுகள் நேராகவே சர்க்கிட் பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்ததைக் கண்டதும் முகம் சுருங்கியது. வால்வின் சூடும் ஸ்பீக்கரின் அதிர்வும் சேர்ந்து அந்த ஈயப் பற்றுகளை நாளடைவில் வெடிக்கச் செய்யும் என்றார். பழைய வானொலிகளில் சொக்கெட் தகட்டில் ஆணியோடு இருக்கும், வயரில் தொங்கும், குருடனும் திருத்தலாம் என்றார். இந்த அம்ப்பின் குறைகளில் நான் மறுக்கவே முடியாதது இது. பழுதானால் இங்கே திருத்த அங்கிளைப் போன்ற இரண்டொருவரே மிஞ்சியிருக்கிறார்கள். மாற்று வால்வுகளோ ஸ்லோவாக்கியாவிலோ ரஷ்யாவிலோ சீனாவிலோ செய்யப்பட்டு வர வேண்டும். 2022இல் மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, அது என்ன விலைக்கு வந்து சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு மீண்டும் பிளக்கைச் செருகி, சூடேறவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் மீற்றர் முனையை உள்ளே நீட்டினார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும், ஆகவே ஒரு கை எப்போதும் பின்னால் இருக்க வேண்டும் என்பது அவர் தகப்பன் அடித்துப் பழக்கிய பாடம். ஹீட்டர் 6.6. பெரிய கெப்பாசிற்றரில் 336. "இவனுக்கு 300க்கு மேல ஏத்தக் கூடாது எண்டு பிலிப்ஸ்காரன் எழுதியிருக்கான்" என்றார். வால்வுக்குள் சூடேறி இலத்திரன்களை வெளிவிடும் முனையான கதோட்டில் நிற்கும் வோல்டைக் கழித்துப் பார்த்தாலும் அந்த எல்லையை அது தாண்டியிருந்தது. கிட்டார் அம்ப் செய்கிறவர்கள் நெடுங்காலமாக ஈஎல்84ஐ அதன் எல்லைக்கு மேலேதான் ஓட்டி வருகிறார்கள். எங்கள் ஒழுங்கையின் வெயில் அதற்கு மேலும் ஒரு படி ஏற்றியிருந்தது. எண்களைப் பிஸ்கட் பெட்டி அட்டையில் பென்சிலால் எழுதினார். பின்னர் தம்பியை வாசிக்கச் சொன்னார்.

மத்தியானத்தில் அந்த அம்ப்பைத் தம்பி தொட்டது அதுதான் முதல் தடவை. தனக்குப் பிடித்த துண்டொன்றை எடுத்தான், நடுவில் நிறுத்தினான், கிட்டாரின் வொல்யூமைச் சரிபார்த்தான், மீண்டும் தொடங்கினான். "இது நம்மட அம்ப்தானா அண்ணன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். ஒலி நேராக, கடினமாக நின்றது. மெல்லத் தொட்டாலும் முன்னே வந்தது, ஓங்கினால் சுவரில் மோதியதுபோல் திரும்பியது. சேர் கதிரையிலிருந்து ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு ஏழரைக்கு எல்லோரும் மறுபடி கூடினோம். மின்சாரத்தின் உச்ச நேரம். ஒழுங்கை முழுவதும் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி. எங்கள் வீடு மின்மாற்றியிலிருந்து மிகத் தள்ளி, கம்பியின் கடைசியில் இருக்கிறது. சொக்கெட்டில் 206. ஹீட்டர் 5.6. கெப்பாசிற்றரில் 288. அங்கிள் அட்டையில் மத்தியானத்து எண்களுக்குப் பக்கத்தில் அவற்றை எழுதிவிட்டு, இந்தத் தடவை கிட்டாரைச் சேரிடம் நீட்டினார். வெள்ளைப் புள்ளிகள் ஒன்றும் நகரவில்லை. சேர் ஒரு கோர்டை அடித்து அது தேய்ந்து முடியும்வரை காத்திருந்தார். பிறகு பூசையில் வாசிக்கும் பாட்டொன்றின் முன்னிசையை மெதுவாக எடுத்தார். ஒலி அவர் விரலோடு கூடவே வளைந்தது. அழுத்திய இடத்தில் ஒரு கணம் அமுங்கி, பிறகு மலர்ந்தது. நான்கைந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. முடித்துவிட்டுக் கிட்டாரை மடியில் சாய்த்து வைத்தவர், "நீ சொன்னது சரிதான்டா தம்பி" என்றார். "இல்ல சேர், நீங்க சொன்னதும்தான்" என்றான் தம்பி.

அங்கிள் அந்த அட்டையை என்னிடம் தந்தார். வாசலில் அவர் சொன்ன வாக்கியத்துக்கு அதைவிட விளக்கம் தேவைப்படவில்லை. சிறுவயதில், மாலையில் ஊர் விளக்குகள் எரியத் தொடங்கியதும் பட்டறையின் வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல் கம்முவதைக் கேட்டே எத்தனை வோல்ட் குறைந்திருக்கும் என்று தகப்பன் சொல்வாராம். அதே வால்வு, அதே கம்மல். முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது.

விட்டுக்கொடுக்கிற பெட்டி

அந்த எண்களோடு நான் பல நாள் உட்கார்ந்திருந்தேன். 241க்கும் 206க்கும் இடையில் வெளியீட்டு வாட் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்திருக்கும். கேட்பதற்கு அது ஒன்றரை டெசிபல்கூட இல்லை, ஒலியளவில் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாறுவது அளவு அன்று, ஒலி உடையத் தொடங்கும் இடம். இரவில் அந்த இடம் கீழே இறங்கி, விரலின் சாதாரண அழுத்தத்துக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது, ஆகவே விரல் அதை விளையாட்டாகத் தொட்டுத் தொட்டு மீள்கிறது. மத்தியானத்தில் அது எட்டாத உயரத்தில் இருக்கிறது, எட்டும்போது தலைகீழாக விழ வேண்டியிருக்கிறது. இந்த அம்ப்பின் மின்வழங்கி எதையும் நிலைநிறுத்துவதில்லை. சுவரில் என்ன வருகிறதோ அதைப் பெருக்கி வால்வுக்குக் கொடுக்கிறது, வால்வு அதிகம் இழுத்தால் தானும் தளர்கிறது. விரலுக்கு விட்டுக்கொடுக்கிற அந்தக் குணமேதான் ஒழுங்கைக் கரண்டுக்கும் விட்டுக்கொடுக்கிறது. தம்பி புகழ்ந்த பலமும் சேர் கண்ட பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. சேர் சில வேளை கொண்டுவரும் டிஜிட்டல் பெட்டியில் இந்தச் சிக்கல் இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் அதன் அடாப்டர் அதே அளவைக் கொடுக்கும், மத்தியானமும் இரவும் அதற்கு ஒன்றே. மேடைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று திருவிழா ஜெனரேட்டரில் வாசித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அது எந்த அம்ப்பின் எந்த நேரத்தைப் பிரதி எடுத்தது என்று இப்போது நான் கேட்கிறேன். அந்தக் கேள்வி முன்பு எனக்குத் தோன்றியதே இல்லை.

வேறொன்றும் உறுத்தியது. 230 வோல்டுக்கு வடிவமைத்தவர் தன் மேசையில் வைத்துக் கேட்ட அம்ப்பை எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. சேர் கேட்டது அதற்கு மேலே, தம்பி கேட்டது அதற்குக் கீழே. இரண்டு பேரும் ஒரு மாதம் சண்டை பிடித்தது இங்கே வந்து சேராத ஒரு பொருளைக் குறித்து.

எல்லோரும் காசு போட்டு, மோட்டார் வைத்துச் சீராக்குகிற வகை ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கினோம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுகிற சாதாரண வகை 'டக், டக்' என்று மாறும், அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் ஏறும் என்று அங்கிள் எச்சரித்திருந்தார். இப்போது எந்த நேரமும் 230. சேருக்கு நிம்மதி, மத்தியானத்துக் கீறல் போய்விட்டது. தம்பிதான் ஒரு வாரம் முகம் வாடியிருந்தான். நல்லாத்தான் இருக்கு, ஆனால் அழ மாட்டேன் என்கிறது என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன், வோல்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் ஒன்றை வைத்துத் தன் மார்ஷல் அம்ப்புக்குப் போகும் வோல்டை வேண்டுமென்றே இறக்கி வாசித்தவர். அவர் காசு கொடுத்து வாங்கிய குறைவு எங்களுக்குக் கம்பியின் கடைசியில் இருந்ததால் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் 6.3 கேட்டு வந்தவனுக்கு 5.6 கொடுத்து ஒவ்வொரு இரவும் மூன்று மணி நேரம் வேலை வாங்கினால் கதோட்டு நலிந்துபோகும், பத்து வீதத்துக்கு மேல் கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றார் அங்கிள். புது வால்வு எவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும் என்பது தம்பிக்கும் தெரியும்.

இப்போது ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். பயிற்சி ஸ்டெபிலைசரில். கடைசி இரண்டு பாட்டுக்கு மட்டும் தம்பி அம்ப்பைச் சுவரிலேயே நேராகச் செருகிக்கொள்ளலாம், அதற்கு முன் யாராவது மீற்றரை வைத்து எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டும், 210க்குக் கீழே போனால் இல்லை. போன வெள்ளிக்கிழமை வாசித்தவர் சேர். 211 என்றார். தம்பி அவரைச் சந்தேகத்தோடு பார்த்தான், அருகில் வந்து மீற்றரைத் தானே எட்டிப் பார்த்தான், பிறகு பிளக்கைச் செருகி, வால்வுகள் சூடேறும்வரை எங்களோடு சேர்ந்து பேசாமல் நின்றான்.